கன்றுக்குட்டியின் சாணத்தோடு ஒரு ரயில் பயணம்

என் மடியில் ஒரு பிளாஸ்டிக் டப்பா இருந்தது. லப்பெ என்று நாங்கள் சொல்லும் தேயிலை ஊறுகாயை அடைத்து விற்கிற அகல வாய் டப்பா. மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, இரண்டு பைகளுக்குள் போட்டு முடிச்சிட்டு, மேலே ஒரு துண்டையும் சுற்றியிருந்தேன். இன்சீனிலிருந்து யாங்கோன் நகரத்துக்குள் போகும் வட்ட ரயில் ஊர்ந்துகொண்டிருந்தது. நான் டப்பாவை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தேன்.

எதிரே கீரைக் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் இரண்டு ஸ்டேஷன்வரை பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார். பேச்சு பர்மிய மொழியில் நடந்தது. இங்கே தமிழில் எழுதுகிறேன்.

“லப்பெயா, ஸயா? எங்க வாங்குனீங்க?”

ஸயா என்றால் வாத்தியார், பெண்ணானால் ஸயாமா. கண்ணாடி போட்டவர்களை எல்லாம் அப்படித்தான் கூப்பிடுவார்கள். என் விஷயத்தில் அது உண்மையும்கூட. வீட்டில் பத்துப் பதினைந்து பிள்ளைகளுக்கு அறிவியல் டியூஷன் எடுக்கிறேன்.

“லப்பெ இல்லீங்க. கன்னுக்குட்டிச் சாணி.”

அந்த அம்மாள் கூடையைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“சாணிக்கா இவ்வளவு மரியாதை?”

“டாக்டர்கிட்ட போகுது.”

“எங்க வீட்டுக்காரரை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனப்பகூட நான் இப்படி மடியில வச்சுக்கல.”

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆறு நாளில் அது என் முதல் சிரிப்பு. உடனே வெட்கமாக இருந்தது. என் மகள் ஆஸ்பத்திரியில் கையில் ஊசியோடு படுத்திருந்தாள். ஆனாலும் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டதே, அது பயத்தால் மட்டும் அல்ல. எனக்கு ஒன்று புரிந்துவிட்டது என்ற படபடப்பு. அதை யாரிடமாவது சொல்லியே ஆகவேண்டும் என்ற படபடப்பு.

இறங்கி ஓடினால் இந்த ரயிலை முந்திவிடலாம் போலிருந்தது.

நாயும் இல்லை, பூனையும் இல்லை

தாரணியின் சிறுநீரக நோயைப் பற்றிச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தாரணி எங்கள் ஒரே மகள். ஒன்பது வயது. ஒரு நாள் காலையில் முகம் வீங்கி எழுந்தாள். சிறுநீரில் புரதம் போகிறது என்றார்கள். ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கினார்கள். வீக்கம் வடிந்தது. ஆனால் அந்த மாத்திரை உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும், தொற்று வராமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லியனுப்பினார்.

சொல்லவா வேண்டும். நான் ஏற்கெனவே பயந்தவன். தண்ணீரை இரண்டு முறை கொதிக்க வைத்தேன். கடையில் விற்கும் மொஹிங்கா மீன் நூடுல்ஸை நிறுத்தினேன். தெருநாயைத் தொட்டால் இருபது எண்ணும்வரை கை கழுவச் சொன்னேன். பள்ளியில் யாராவது இருமினால் மறுநாள் அவளை அனுப்பமாட்டேன். என் மனைவி மல்லிகா லைங் தாயாவில் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் தையல் சரிபார்க்கிறவள்; கண்ணுக்கு ஒரு நூல்கூடத் தப்பாது. அவளே சொல்வாள்: “நீங்க பிள்ளை வளக்குறீங்களா, கண்ணாடிப் பாத்திரம் காக்குறீங்களா?”

இவ்வளவும் செய்த வீட்டில்தான் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வந்தது. முதல் நாள் நான்கைந்து முறை. இரண்டாம் நாள் எண்ண முடியவில்லை. வெறும் தண்ணீராகப் போனது. மூன்றாம் நாள் கண்கள் குழிந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். குளுக்கோஸ் ஏறியது, மருந்து மாறியது, நிற்கவில்லை. மலத்தை இரண்டு முறை பரிசோதித்தார்கள். இரண்டு முறையும் ஒன்றுமில்லை என்று தாள் வந்தது.

நானும் மல்லிகாவும் படுக்கையின் இரண்டு பக்கமும் நின்று சண்டை போட்டோம். நீ வாங்கிக்கொடுத்த ஐஸ் என்றேன் நான். நீங்க நிரப்புன தண்ணி பாட்டில் என்றாள் அவள். தாரணி கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

சேர்க்கும்போது இளம் டாக்டர் ஒருவர் கேள்விகள் கேட்டு எழுதிக்கொண்டார். அதில் ஒன்று: பிள்ளை ஏதாவது மிருகத்தோடு பழகுகிறதா?

“இல்லை” என்றேன். “நாயும் இல்லை, பூனையும் இல்லை.”

பொய் சொல்லவில்லை. மனசாரச் சொன்னேன். இந்த அத்தியாயமே அந்த ஒரு பதிலைப் பற்றியதுதான்.

மோ

மல்லிகாவின் அண்ணன் செல்வம் இன்சீனில், ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், ஐந்து பசுக்கள் வைத்துப் பால் ஊற்றுகிறார். ஞாயிறுதோறும் தாரணியை அங்கே கூட்டிப்போவேன். வாரம் முழுக்க வீட்டுக்குள் அடைத்து வைத்த பிள்ளைக்கு அது ஒன்றுதான் வெளி.

செவலைப் பசு ஒரு மழை நாளில் கன்று போட்டது. பர்மிய மொழியில் மழைக்கு மோ என்பதால் தாரணி கன்றுக்கு மோ என்று பெயர் வைத்தாள். அவளுக்குத் தமிழ் நன்றாகப் புரியும். பதில் மட்டும் பாதி பர்மிய மொழியில் வரும்.

பால்காரர்கள் கன்றைத் தாயின் மடியிலேயே விட்டுவைப்பதில்லை. சீம்பால் நாட்கள் முடிந்ததும் வாளியில் குடிக்கப் பழக்குவார்கள். பழக்கும் முறை இதுதான்: விரலைப் பாலில் நனைத்துக் கன்றின் வாயில் கொடுக்கவேண்டும். கன்று காம்பு என்று நினைத்துச் சப்பும். சப்பச் சப்பக் கையை மெல்ல வாளிக்குள் இறக்கினால் தலையும் கூடவே வரும். இரண்டு மூன்று நாளில் விரல் இல்லாமலே குடிக்கும். மோ மட்டும் விரலை விடவில்லை.

தாரணி அதில் கெட்டிக்காரியாகிவிட்டாள். “எம் மருமக விரலுக்குத்தான் இந்தக் களுதை வாயத் தொறக்குது. நான் குடுத்தா மூஞ்சியத் திருப்பிக்குது” என்பார் செல்வம். மோவின் நாக்கு சொரசொரவென்று இருக்கிறது, கூசுகிறது என்று அவள் சிரிக்கும்போது கன்னத்துத் தனாக்கா மரப்பட்டைப் பூச்சு வெடிக்கும். நான் போன் எடுத்துப் படம் பிடிப்பேன்.

பால் குடித்து முடித்ததும் கன்றின் நெற்றியைத் தொட்டு, அந்த விரல்களைக் கண்ணில் ஒற்றி, உதட்டில் வைத்துக்கொள்வாள். பசுவைத் தொட்டால் அப்படிச் செய்யவேண்டும். அவள் நடக்கப் பழகிய நாளில் நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

நாயைத் தொட்டால் சோப்பு. பசுவைத் தொட்டால் கண்ணில் ஒற்றிக்கொள்வது. இரண்டையும் சொல்லிக்கொடுத்த வாய் ஒன்றே. அறிவியல் பாடம் எடுக்கிற வாய்.

கடைசியாகப் போன ஞாயிறன்று மோவின் வாலும் பின்னங்கால்களும் மஞ்சளாக நனைந்திருந்தன. “பால் கொஞ்சம் கூடிப்போச்சு, கழியுது. பூச்சி மருந்து குடுத்தாச்சு” என்றார் செல்வம். நானும் கன்றுகளுக்கு அது வழக்கம்தான் என்று விட்டுவிட்டேன்.

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்லவேண்டும். செல்வமும் நானும் ஒரே பள்ளியில் படித்தவர்கள். கோடை விடுமுறையின் முதல் நாள் எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லாருக்கும் குடற்புழுவுக்கு விளக்கெண்ணெய் உறுதி. ஒரு வருஷம் செல்வம் தப்பித்து ஓடி, ரயில்வே பட்டறை ஓரம் நின்ற சரக்குப் பெட்டிக்குள் ஒளிந்துகொண்டார். பெட்டியை இழுக்க எஞ்சின் வந்து மாட்டியபோது அவர் போட்ட கூச்சலில் பட்டறையே கூடிவிட்டது. அன்று அவருக்கு இரண்டு கரண்டி.

வயிற்றில் இருப்பது என்றால் எங்களுக்குப் புழுதான். வெளியே வரும், கண்ணால் பார்க்கலாம், போய்விட்டது என்று நிம்மதி அடையலாம். கண்ணுக்குத் தெரியாததைக் கணக்கில் சேர்க்க எங்களுக்குப் பழக்கமில்லை.

இளநீரோடு வந்த செய்தி

ஆறாம் நாள் காலை செல்வம் மூன்று இளநீரோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். தாரணியின் காலைத் தடவிக்கொண்டே நின்றார். அழக்கூடாது என்று எதையாவது பேசிக்கொண்டிருந்தார்.

“சீக்கிரம் வாம்மா. மோவும் ஒன்னை மாதிரியேதான் கெடக்குது. பத்து நாளா நிக்கல. மஞ்சத் தண்ணியாப் போவுது.”

நான் இளநீரைக் கீழே வைத்தேன்.

“மச்சான், என்ன சொன்னீங்க?”

“மோவுக்குக் கழிச்சல்னேன்.”

“வேற யாருக்கு?”

“வேற யாருக்கு வரும்? எனக்குப் போன வாரம் ரெண்டு நாள் வயிறு சரியில்ல. அது பழைய பூண்டு ஊறுகா தின்னது. யா தே, யா தே.”

ஒன்றுமில்லை, பரவாயில்லை என்பதற்கு அவர் எப்போதும் சொல்வது அந்த யா தே. நான் எழுந்து நின்றுவிட்டேன். கன்று. கன்றுக்கு விரல் கொடுத்தவர்கள் இரண்டு பேர். இரண்டு பேருக்கும் வயிறு. இதைப் பரீட்சையில் கேள்வியாகக் கொடுத்தால் என் டியூஷன் பிள்ளைகள் அரை நிமிஷத்தில் விடை எழுதுவார்கள்.

“மச்சான், எனக்கு மோவோட சாணி வேணும். இப்பவே.”

செல்வத்தின் முகம் மாறியது. “என் மாட்டுலேருந்து வந்துச்சுங்கிறியா? அந்தப் பாலைத்தான் எம் பிள்ளைங்களும் குடிக்கிது. காய்ச்சாமக் குடுத்ததில்ல.”

“பால் இல்ல மச்சான்.”

“பின்ன? லட்சுமி அது. அதுகிட்டேருந்து நோய் வருமா? வாத்தியாருக்குப் புத்தி கலங்கிப்போச்சு.”

மல்லிகா அண்ணனைப் பார்த்துச் சொன்னாள்: “வருமோ வராதோ, எடுத்துக் குடுண்ணே. அவர் சொல்றதுல ஒண்ணாச்சும் சரியா இருக்கட்டும்.”

செல்வம் கூட வந்தார். தொழுவத்தில் தன் கையாலேயே டப்பாவில் பிடித்து மூடித் தந்தார். மாட்டுச் சாணியை ஆஸ்பத்திரியில் பார்க்கமாட்டார்கள். மாடுகளுக்கு இருபது வருஷமாக வைத்தியம் பார்த்த டோ மியா என்ற பெண் டாக்டர் இப்போது தாகேதாவில் மகள் வீட்டில் இருக்கிறார், மைக்ராஸ்கோப் வைத்திருக்கிறார் என்று சொன்னதும் அவர்தான். என்னை ரயிலேற்றிவிட்டு, ஜன்னல் வழியே, “இல்லன்னு வந்தா எம் மோகிட்ட வந்து மன்னிப்புக் கேக்கணும்” என்றார்.

கை ஆடாமல் பிடிக்கணும்

நகரத்தில் இறங்கி, டாக்சி பிடித்து, பஸுண்டவுன் பாலம் தாண்டித் தாகேதா போய்ச் சேர்ந்தபோது மழை இருட்டிக்கொண்டு வந்தது. முறை வைத்து விடும் மின்சாரம் அன்று மாலைதான் வரும். டோ மியா எழுபதை நெருங்கியவர். நான் மூச்சிரைக்கச் சொன்ன எல்லாவற்றையும் ஜன்னலோர மேசையில் கண்ணாடித் துண்டுகளை எடுத்து வைத்துக்கொண்டே கேட்டார்.

“கன்னுக்கு எத்தனை நாள்?”

“மூணு வாரம் இருக்கும், ஸயாமா.”

“பிள்ளைக்கு ஸ்டீராய்டா?”

“ஆமா.”

அவர் கை அதற்குப் பிறகு வேகமாக ஓடியது. கையுறை போட்டு மெல்லிசாகப் பூசினார், உலர்த்தினார். சிவப்புச் சாயம் ஊற்றிக் காத்திருந்தார். கழுவினார். அமிலம் விட்டுச் சாயத்தை இறக்கினார். பச்சைச் சாயம். மறுபடி கழுவல். ஒவ்வொன்றுக்கும் நடுவில் நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். அவருடைய மைக்ராஸ்கோப் அடியில் கண்ணாடி வைத்த பழைய மாதிரி. ஜன்னல் வெளிச்சத்தில் வேலை செய்யும். ஜன்னலில் வெளிச்சம் போய்விட்டிருந்தது.

“உங்க போன்ல லைட் இருக்கா, ஸயா?”

இருந்தது. சார்ஜ்தான் சிவப்புக் கோட்டில் இருந்தது. மேசைக்குப் பக்கத்தில் மண்டியிட்டுக் கண்ணாடியை நோக்கி விளக்கைப் பிடித்தேன்.

“கை ஆடுது.”

இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டேன்.

“இன்னும் ஆடுது. மூச்சை அடக்குங்க.”

அடக்கினேன். அந்த நேரம் போன் அடித்தது. திரையில் மல்லிகா. ஆஸ்பத்திரியிலிருந்து அவள் எதற்குக் கூப்பிடுவாள்? எடுத்தால் விளக்கு நகரும். நான் எடுக்கவில்லை. அந்த மணி ஓயும்வரை மூச்சுவிடாமல் இருந்தேன். அப்படியொரு நிமிஷம் என் பகைவனுக்கும் வரவேண்டாம்.

“இங்க பாருங்க” என்றார் டோ மியா.

போனை அவரிடம் கொடுத்துவிட்டுக் கண்ணை வைத்தேன். பச்சை நிறப் பரப்பு. அதில் சின்னச் சின்னச் சிவப்பு உருண்டைகள். ஒன்று, இரண்டு, பத்து, பிறகு எங்கே பார்த்தாலும். இத்தனை அழகாக இருக்குமென்று நான் நினைக்கவில்லை. ஆறு நாளாக என் பிள்ளையைக் கரைத்துக்கொண்டிருந்தது இதுவாக இருக்கலாம் என்று தெரிந்தும் எனக்குக் கத்தவேண்டும் போல் சந்தோஷமாக இருந்தது. எதிரி முகத்தைக் காட்டிவிட்டான்.

பிறகு கறுத்துவிட்டது. போன் அணைந்துபோயிருந்தது.

“கிரிப்டோஸ்போரிடியம்” என்றார் அவர். “புழு இல்ல. பூச்சி மருந்துக்குக் கட்டுப்படாது. பிறந்து ஒரு மாசத்துக்குள்ள இருக்கிற கன்னுகளுக்குக் குடல்ல வரும். சாணியில கொள்ளையாப் போகும். அதுல கொஞ்சம் வாய்க்குள்ள போனாலே மனுசனுக்கும் வரும். உங்க மச்சான் மாதிரி ஆளுக்குத் தானாச் சரியாயிரும். எதிர்ப்புச் சக்தி கொறைஞ்ச பிள்ளைக்கு அப்படி இல்ல.”

“நாங்க ப்ளீச்சிங் பவுடர் போட்டு வீடெல்லாம் கழுவினோம், ஸயாமா.”

“அதுக்கு இது பயப்படாது. கொதிக்கிற தண்ணிக்குப் பயப்படும். நல்ல வெயில்ல காஞ்சா சாகும். கையில பட்டதைச் சோப்புப் போட்டுத் தேய்ச்சுக் கழுவித்தான் அனுப்பணும்.”

“ஆஸ்பத்திரியில ரெண்டு தடவை பாத்தாங்களே?”

“இந்தச் சாயம் போட்டுப் பாத்திருக்க மாட்டாங்க. கேட்டாத்தான் போடுவாங்க. பிள்ளைகிட்ட இருக்குன்னு நான் சொல்ல முடியாது. கன்னுகிட்ட இருக்கு. பாக்கச் சொல்லி எழுதித் தரேன்.”

அரைப் பக்கம் எழுதி மடித்துக் கொடுத்தார். மல்லிகாவைக் கூப்பிடத் தன் போனையும் நீட்டினார். வாங்கிக்கொண்டு முழித்தேன். மனைவியின் எண் எனக்கு மனப்பாடம் இல்லை.

மாட்டு டாக்டரின் சீட்டு

திரும்பி வந்த டாக்சிப் பயணத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் நினைவில்லை. பாலத்தின் மேல் மழை கொட்டியது மட்டும் ஞாபகம். படிகளில் ஏறும்போது செருப்பு ஒன்று கழன்று கீழே போனது, விட்டுவிட்டு ஏறினேன்.

மல்லிகா வார்டு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் அவளே பயந்துவிட்டாள்.

“எதுக்குக் கூப்பிட்ட?”

“எடுக்கவே இல்லையே நீங்க. கண்ணு முழிச்சா. மோவுக்கு யார் பால் குடுக்குறாங்கன்னு கேட்டா. அதுக்குத்தான்.”

சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் முடிக்கும் நேரம். சீட்டை நீட்டினேன். தலைப்பைப் பார்த்ததும் அவர் புருவம் உயர்ந்தது.

“மாட்டு டாக்டர் எனக்கு எழுதியிருக்காரா?”

பக்கத்தில் நின்ற நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டார். டாக்டர் படித்தார். மறுபடியும் முதலிலிருந்து படித்தார். பிறகு தாரணியின் கோப்பைத் திறந்து ஒரு வரியில் விரலை வைத்தார்.

“மிருகப் பழக்கம் இல்லைன்னு எழுதியிருக்கு.”

“நான்தான் சொன்னேன்.”

“கன்னுக்குட்டி மிருகம் இல்லையா, ஸயா?”

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார். எங்கள் வீட்டில் அது மிருகம் இல்லை என்பதை வெள்ளைக் கோட்டுப் போட்டவரிடம் எப்படி விளக்குவது?

“இன்னிக்கே அந்தச் சாயம் போட்டுப் பாக்கச் சொல்றேன்” என்றார்.

மாலை மின்சாரம் வந்த கொஞ்ச நேரத்தில் ஆய்வகத்திலிருந்து தாள் வந்தது. இருந்தது. டாக்டர் ஸ்டீராய்டு அளவை மாற்றினார். வேறு ஒரு மருந்தைத் தேடிப் பிடித்து வரச்சொன்னார். நான்கு கடை ஏறி இறங்கி, ஐந்தாவதில் கிடைத்தது. ஒற்றைச் செருப்போடு நான் அலைவதை எல்லாரும் பார்த்தார்கள். எனக்குப் பறப்பது போலிருந்தது.

மருந்து தொடங்கிய மூன்றாம் நாள் போக்கு குறைந்தது. ஐந்தாம் நாள் தாரணி கஞ்சிக் கிண்ணத்தைத் தானே பிடித்துக் குடித்தாள். மல்லிகா கிண்ணத்தின் அடியைப் பார்த்துவிட்டு, “ஒரு பருக்கை இல்ல” என்றாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஐஸ், தண்ணீர் பாட்டில் பற்றி நாங்கள் அதற்குப் பிறகு பேசவில்லை.

தொழுவத்தில்

இரண்டு மாதம் கழித்து, டாக்டர் சம்மதித்த பிறகு, தாரணியை இன்சீனுக்குக் கூட்டிப்போனேன். முகமூடி, மூடிய செருப்பு, பையில் இரண்டு சோப்பு. எனக்குள் பழைய பயம் அத்தனையும் இருந்தது, இன்றும் இருக்கிறது.

மோ பிழைத்துவிட்டது. உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரும் பாலும் மாற்றி மாற்றிக் கொடுத்துச் செல்வமே காப்பாற்றியிருந்தார். மன்னிப்பு விஷயத்தை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. ஆனால் தொழுவ வாசலில் புதிதாகக் குழாய் வந்திருந்தது. பக்கத்தில் கம்பியில் கட்டித் தொங்கவிட்ட சோப்பு. புதிதாகப் பிறந்த கன்று ஒன்று ரப்பர் காம்பு மாட்டிய பாட்டிலில் குடித்துக்கொண்டிருந்தது. தரையில் கொதிநீர் ஊற்றிய ஈரம் ஆவியாகிக்கொண்டிருந்தது.

“ஒங்கப்பனாலதான் இவ்வளவு செலவு” என்றார் செல்வம் மருமகளிடம். “விரலக் குடுக்குறதுக்குக் காசு கேட்டுச்சா கன்னு? ரப்பரு கேக்குது.”

தாரணி கயிற்றுக்கு இந்தப் பக்கமே நின்றாள். மோ அவளைப் பார்த்துத் தலையை ஆட்டியது. அவள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டாள். “நல்லா இருக்கியா?” என்று அங்கிருந்தே தமிழில் கேட்டாள். செல்வம் வேறு பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான் செவலைப் பக்கம் போனேன். அது தலையைத் தூக்கி என் தோளில் மூச்சு விட்டது. கழுத்தைத் தடவிக் கொடுத்தேன். கதகதவென்று இருந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்று மனசு லேசானது.

“அப்பா” என்றாள் தாரணி. “கை.”

அப்போதுதான் பார்த்தேன். என் விரல்கள் கண்ணுக்கு ஒரு சாண் தூரத்தில் வந்து நின்றிருந்தன.